கரையோரக் கடல்நீர் இருளடைதல்

கரையோரக் கடல்நீர் இருளடைதல் என்பது, கடற்கரையை ஒட்டிய நீர்ப்பரப்பினுள் சூரிய ஒளி ஊடுருவும் ஆழம் ஆண்டுக்கணக்கில் படிப்படியாகக் குறைந்து வருவதைக் குறிக்கும். ஆறுகள் கொண்டுவரும் வண்டல், நீரில் கரைந்த கரிமப் பொருட்கள், ஊட்டச்சத்து மிகுதியால் பெருகும் தாவர மிதவைவாழிகள் ஆகிய மூன்றும் இதற்கு முதன்மைக் காரணங்கள் ஆகும். கடலில் நிகழும் மாற்றமாக இருந்தாலும் இதன் தோற்றுவாய் பெரும்பாலும் நிலத்திலேயே உள்ளது. கடலில் இருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள காஞ்சிபுரம் போன்ற ஒரு நெசவு நகரின் வடிகாலும் ஆற்றின் வழியாகக் கடலின் ஒளியோடு தொடர்பு உடையது.

கடலின் உணவுச் சங்கிலி ஒளிச்சேர்க்கையில் இருந்து தொடங்குகின்றது. ஆகவே ஒளி புகும் ஆழம் குறையும்போது மிதவைவாழிகள், கடற்புற்கள், பவளப்பாறைகள், மீன்கள் என அனைத்து உயிர்களும், அவற்றை நம்பி வாழும் மீனவர்களும் பாதிக்கப்படுகின்றனர்.

பெயரும் பொருளும்

இருளடைதல் என்ற சொல் இங்கு கடல்நீர் கறுப்பாக மாறுவதைக் குறிப்பது அன்று. நீர் பழுப்பாகவோ பச்சையாகவோ மஞ்சளாகவோ தோன்றலாம். எந்த நிறமாயினும், குறிப்பிட்ட ஓர் ஆழத்தைச் சென்றடையும் ஒளியின் அளவு முன்னிருந்ததைவிடக் குறைந்துவிட்டால் அந்த நீர் இருளடைந்தது எனக் கொள்ளப்படும்.

பருவமழைக் காலத்தில் ஆற்று முகத்துவாரங்களில் நீர் கலங்குவது இயல்பான நிகழ்வு. சில வாரங்களில் வண்டல் படிந்து நீர் மீண்டும் தெளியும். இத்தகைய பருவக் கலங்கலும் இருளடைதலும் ஒன்றல்ல. ஆண்டுதோறும் தெளியும் அளவு குறைந்துகொண்டே வருதல், அல்லது கலங்கல் நீடிக்கும் நாட்கள் கூடிக்கொண்டே போதல் என்னும் நெடுங்காலப் போக்கே இருளடைதல் எனப்படும். இப்பொருளில் இச்சொல் 2000களின் இறுதியில் நார்வே நாட்டுக் கடல் ஆய்வாளர்களின் கட்டுரைகள் வழியாகப் பரவலாயிற்று.

ஒளியும் கடல்நீரும்

கடல்நீருக்குள் செல்லும் ஒளி ஆழம் கூடக்கூட அடுக்குக்குறி முறையில் குறைகின்றது. அதாவது ஒவ்வொரு மீட்டருக்கும் எஞ்சியுள்ள ஒளியில் ஒரு குறிப்பிட்ட விழுக்காடு இழக்கப்படுகின்றது. இந்த இழப்பின் வேகத்தைக் குறிக்கும் எண் ஒளி தளர்வுக் கெழு எனப்படும்.

எடுத்துக்காட்டாக, தளர்வுக் கெழு ஒரு மீட்டருக்கு 0.1 ஆக உள்ள நீரில் 20 மீட்டர் ஆழத்தில் மேற்பரப்பு ஒளியில் ஏறத்தாழ 13.5 விழுக்காடு இருக்கும். அக்கெழு 0.2 ஆக இரட்டித்தால் அதே ஆழத்தில் 1.8 விழுக்காடு மட்டுமே எஞ்சும். நீரின் தன்மை இரு மடங்கு மாறியபோது ஒளி ஏழு மடங்குக்கு மேல் குறைந்துவிட்டது. மேற்பரப்பில் சிறிதாகத் தோன்றும் மாற்றம் அடித்தளத்தில் பெரிதாக உணரப்படுவதற்கு இதுவே காரணம்.

மேற்பரப்பு ஒளியில் ஒரு விழுக்காடு எஞ்சியிருக்கும் ஆழம் வரையிலான அடுக்கு ஒளி மண்டலம் எனப்படுகின்றது. தாவர மிதவைவாழிகளின் ஒளிச்சேர்க்கை பெரும்பாலும் இவ்வடுக்கிலேயே நிகழ்கின்றது. கடற்புற்களுக்கு இதைவிடக் கூடுதலான ஒளி தேவை. பல கடற்புல் இனங்கள் வாழ மேற்பரப்பு ஒளியில் 10 முதல் 20 விழுக்காடு வரையோ அதற்கு மேலோ அடித்தளத்தை எட்ட வேண்டும்.

தூய நீர் சிவப்பு ஒளியை விரைவில் உறிஞ்சி, நீல ஒளியை ஆழத்துக்கு விடுகின்றது. ஆழ்கடல் நீலமாகத் தோன்றுவது இதனால்தான். நீரில் உள்ள மூன்று வகைப் பொருட்கள் இந்நிலையை மாற்றுகின்றன.

1. தாவர மிதவைவாழிகள்: இவற்றில் உள்ள பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் உறிஞ்சும். இவை மிகுந்தால் கடல் பச்சையாகத் தோன்றும்.

2. மிதக்கும் துகள்கள்: களிமண், வண்டல், மட்கிய பொருட்களின் துண்டுகள் போன்றவை ஒளியைச் சிதறடிக்கும். இவை மிகுந்தால் கடல் பழுப்பாகத் தோன்றும்.

3. நிறமுள்ள கரைந்த கரிமப் பொருள்: இலைதழைகள் மட்கும்போது உண்டாகும் மஞ்சள், பழுப்பு நிறப் பொருட்கள் இவை. தேயிலையின் சாறு வெந்நீரில் இறங்குவது போல இவை மண்ணில் இருந்து நீரில் இறங்குகின்றன. புற ஊதாக் கதிர்களையும் நீல ஒளியையும் இவை வலுவாக உறிஞ்சும். வடிகட்டினாலும் நீங்காது, வண்டலைப் போல அடியில் படிவதும் இல்லை.

அளவிடும் முறைகள்

கடல்நீரின் தெளிவை அளக்கும் மிகப் பழைய கருவிகளுள் ஒன்று செக்கி வட்டு ஆகும். இத்தாலிய வானியலாளரும் பாதிரியாருமான ஆஞ்செலோ செக்கி 1865-ஆம் ஆண்டு மத்தியதரைக் கடலில் ஒரு கப்பலில் இருந்து வெண்ணிற வட்டுக்களை இறக்கி இம்முறையை ஆராய்ந்தார். கயிற்றில் கட்டிய வட்டை நீரில் இறக்கும்போது அது கண்ணில் இருந்து மறையும் ஆழமே செக்கி ஆழம் எனப்படும்.

செக்கி ஆழத்தை ஏறத்தாழ 2.7 ஆல் பெருக்கினால் ஒளி மண்டலத்தின் ஆழம் கிடைக்கும் என்பது பொதுவான ஒரு கணிப்பு. வட்டு 10 மீட்டரில் மறைந்தால் ஒளி மண்டலம் சுமார் 27 மீட்டர். 2 மீட்டரில் மறைந்தால் 5 மீட்டரைச் சற்றே தாண்டும். மிகவும் கலங்கிய நீரில் இந்தப் பெருக்கெண் மாறுபடும். எளிய கருவி என்பதால் நூறாண்டுகளுக்கும் மேலாக ஒரே முறையில் அளவீடுகள் திரட்டப்பட்டுள்ளன. பழைய கடலின் தெளிவை இன்றைய நிலையோடு ஒப்பிட இவ்வளவீடுகளே உதவுகின்றன.

தற்காலத்தில் நீருக்குள் இறக்கப்படும் ஒளி உணரிகளும், கடலின் நிறத்தை விண்ணில் இருந்து பதிவு செய்யும் செயற்கைக்கோள்களும் பயன்படுகின்றன. இந்தியாவின் ஓசன்சாட்-1 (1999), ஓசன்சாட்-2 (2009), ஓசன்சாட்-3 (2022) ஆகிய செயற்கைக்கோள்கள் கடல்நிற உணரிகளைக் கொண்டு ஏவப்பட்டவை. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இத்தகைய தரவுகளில் இருந்து மீன்வளம் மிகுந்த பகுதிகளைக் கணித்து மீனவர்களுக்கு அறிவிக்கின்றது. எனினும் கரையை ஒட்டிய நீரில் பச்சையம், வண்டல், கரைந்த கரிமப் பொருள் ஆகிய மூன்றும் கலந்திருப்பதால், செயற்கைக்கோள் படத்தை மட்டும் கொண்டு அவற்றைப் பிரித்தறிவது கடினம். அவ்விடத்து நீரை எடுத்துச் சோதிப்பது இன்றும் தேவையாக உள்ளது.

காரணங்கள்

நிலத்தில் இருந்து வரும் கரிமப் பொருள்

மழைநீர் காடுகள், வயல்கள், சதுப்பு நிலங்கள் ஆகியவற்றின் ஊடாக வரும்போது மட்கிய பொருட்களைக் கரைத்துக் கொண்டுவருகின்றது. வட ஐரோப்பாவில் கடந்த சில பத்தாண்டுகளில் ஏரிகளும் ஆறுகளும் பழுப்பு நிறம் கூடி வருகின்றன. மழை மிகுந்தமை, காடுகள் பரவியமை, அமில மழை குறைந்ததால் மண்ணில் இருந்து கரிமப் பொருட்கள் எளிதில் கரைந்து வெளியேறுகின்றமை ஆகியவை இதற்குக் கூறப்படும் காரணங்கள். அந்த நீரே இறுதியில் கடலைச் சேர்கின்றது.

ஊட்டச்சத்து மிகுதல்

வயல்களில் இடப்படும் உரங்களில் உள்ள நைட்ரேட்டு, பாஸ்பேட்டு ஆகியனவும், சுத்திகரிக்கப்படாத நகரக் கழிவுநீரும் கடலைச் சேரும்போது தாவர மிதவைவாழிகள் பெருகுகின்றன. மேல் அடுக்கில் அடர்ந்து பெருகும் இவை கீழ் அடுக்குகளுக்கு நிழலிடுகின்றன.

வண்டல்

காடழிப்பு, மண்ணரிப்பு, ஆற்று மணல் அள்ளுதல், துறைமுகங்களுக்கான தூர்வாரல் ஆகியவை மிதக்கும் துகள்களைக் கூட்டுகின்றன. கடலடியை வாரிச் செல்லும் இழுவை வலைகள், படிந்து கிடக்கும் சேற்றை மீண்டும் கிளப்பிவிடுகின்றன.

காலநிலை மாற்றம்

குறுகிய காலத்தில் பெய்யும் பெருமழை, வழக்கமான மழையைவிட மிகுதியான மண்ணை அடித்துச் செல்லும். கடல் வெப்பநிலை, நீரோட்டம், நீர் அடுக்குகளின் கலப்பு ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்கள் மிதவைவாழிகளின் பெருக்கத்தை மாற்றுகின்றன. கரையில் இருந்து தொலைவில் உள்ள திறந்த கடலில் ஏற்படும் இருளடைதலுக்கு இது முக்கியக் காரணமாகக் கருதப்படுகின்றது.

உலக அளவில்

வடகடல், பால்டிக் கடல் ஆகியவற்றின் நூற்றாண்டுக்கால செக்கி அளவீடுகளை ஆராய்ந்தவர்கள், 20-ஆம் நூற்றாண்டில் இவற்றின் தெளிவு குறைந்துள்ளதைக் கண்டறிந்தனர். ஆத்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஆற்று வெள்ளத்தின் தாக்கம் வெள்ளம் வடிந்த பின்னரும் பல மாதங்கள் நீடிப்பது அறியப்பட்டுள்ளது.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகமும் பிளிமத் கடல் ஆய்வகமும் 2025-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு 2003 முதல் 2022 வரையிலான செயற்கைக்கோள் தரவுகளை அடிப்படையாகக் கொண்டது. அதன்படி உலகப் பெருங்கடல் பரப்பில் 21 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 7.5 கோடி சதுர கிலோமீட்டர், இருளடைந்துள்ளது. 9 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பரப்பில் ஒளி மண்டலத்தின் ஆழம் 50 மீட்டருக்கு மேல் குறைந்துள்ளது. அதே காலத்தில் ஏறத்தாழ 10 விழுக்காட்டுப் பரப்பு முன்னைவிடத் தெளிவடைந்ததையும் இவ்வாய்வு காட்டுகின்றது. ஆகவே இது எல்லாக் கடல்களிலும் ஒரே திசையில் நிகழும் மாற்றம் அன்று. இடத்துக்கு இடம் காரணமும் அளவும் வேறுபடுகின்றன.

சூழல் விளைவுகள்

மிதவைவாழிகள்

ஒளி குறையும்போது தாவர மிதவைவாழிகளின் உற்பத்தி மேல் அடுக்கினுள் ஒடுங்குகின்றது. எஞ்சிய ஒளியின் நிறமும் மாறிவிடுவதால், அந்நிறத்தைப் பயன்படுத்த வல்ல இனங்கள் பெருகி மற்றவை குறைகின்றன. அவற்றை உண்ணும் துடுப்புக்காலி போன்ற விலங்கு மிதவைவாழிகள் பகலில் மீன்களின் கண்ணுக்குப் படாமல் ஆழத்தில் தங்கி, இரவில் உணவுக்காக மேலே வருபவை. இருண்ட நீரில் இவை பகலிலும் மேலடுக்கில் தங்கக்கூடும்.

மீன்களும் சொறிமுட்டைகளும்

பெரும்பாலான மீன்கள் இரையைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பவை. நீர் இருண்டால் அவற்றின் பார்வைத் தொலைவு குறையும். சொறிமுட்டைகள் (இழுதுமீன்கள்) இரையைத் தொடுவுணர்வால் பிடிப்பவை. அவற்றுக்கு ஒளி தேவையில்லை. நார்வேயின் லூரே நுழைகழியில் நீர் மற்ற நுழைகழிகளைவிட இருண்டது. அங்கு மீன்களுக்குப் பதிலாக ஒரு வகை ஆழ்கடல் சொறிமுட்டை பெருமளவில் நிலைத்திருப்பதை ஆய்வாளர்கள் இக்காரணத்தோடு தொடர்புபடுத்துகின்றனர்.

கடற்புற்களும் பவளப்பாறைகளும்

இவை அடித்தளத்தில் வேரூன்றியோ ஒட்டியோ வாழ்பவை. ஒளி குறைந்தால் மேலே நகர்ந்து செல்ல இயலாது. கடற்புல் வெளிகள் ஆழமான பகுதியில் இருந்து தொடங்கி அழிகின்றன. கடற்புல்லின் வேர்கள் சேற்றைப் பிடித்து வைப்பவை. ஆகவே புல் அழிந்த இடத்தில் சேறு கிளம்பி நீர் மேலும் கலங்குகின்றது. மேலும் கலங்கிய நீரில் எஞ்சிய புல்லும் அழிகின்றது. இச்சுழல் ஒருமுறை தொடங்கினால் தடுத்து நிறுத்துவது கடினம்.

வெப்பம்

கலங்கிய நீர் சூரிய வெப்பத்தை மேலடுக்கிலேயே உறிஞ்சிக்கொள்கின்றது. இதனால் மேற்பரப்பு சூடேறி, கீழுள்ள குளிர்ந்த நீரோடு கலப்பது குறைகின்றது. கீழடுக்குக்குச் செல்லும் உயிர்வளியும் அதனால் குறையலாம்.

நன்மை

நிறமுள்ள கரைந்த கரிமப் பொருள் புற ஊதாக் கதிர்களைத் தடுப்பதால், ஆழமற்ற நீரில் வாழும் முட்டைகளுக்கும் இளம் உயிர்களுக்கும் ஓரளவு பாதுகாப்பு அளிக்கின்றது. அலையாத்திக் காடுகளில் இருந்தும் இத்தகைய பொருட்கள் இயல்பாகவே வெளியேறுகின்றன. எனவே நிறம் கலந்த நீர் அனைத்தும் மாசடைந்த நீர் எனக் கொள்வது பிழையாகும்.

தமிழகக் கரையோரம்

வங்காள விரிகுடா

வங்காள விரிகுடா உலகிலேயே மிகுந்த வண்டலைப் பெறும் கடல்களுள் ஒன்று. கங்கை, பிரம்மபுத்திரா ஆகிய ஆறுகள் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைக் கொண்டுவருகின்றன. கோதாவரி, கிருட்டிணா, காவிரி முதலிய ஆறுகளும் இதில் கலக்கின்றன. கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட கட்டுரையில், மேகமூட்டமும் ஆறுகள் கொண்டுவரும் கலங்கலும் இவ்விரிகுடாவின் உயிர் உற்பத்தியை ஒளிக் குறைவால் கட்டுப்படுத்தக் கூடும் என்பதை எடுத்துக்காட்டினர்.

தமிழகக் கரையை ஒட்டிய நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகின்றது. ஏறத்தாழ பெப்ரவரி முதல் மே வரை வடக்கு நோக்கியும், அக்டோபர் முதல் திசம்பர் வரை தெற்கு நோக்கியும் ஓடுகின்றது. தெற்கு நோக்கிய ஓட்டம் வடக்கிலுள்ள பேராறுகளின் உவர்ப்புக் குறைந்த நீரைத் தமிழகக் கரைக்குக் கொண்டுவரும் அதே காலத்தில் வடகிழக்குப் பருவமழையால் உள்ளூர் ஆறுகளும் பெருக்கெடுக்கின்றன.

பாலாறும் காஞ்சிபுரமும்

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரா வழியாகத் தமிழகத்தில் நுழைந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் அருகே கடலில் கலக்கின்றது. இதன் 348 கிலோமீட்டர் நீளத்தில் 222 கிலோமீட்டர் தமிழகத்தில் உள்ளது. காஞ்சிபுரம் நகரின் ஊடாகச் செல்லும் வேகவதி ஆறும், செய்யாறும் பாலாற்றோடு கூடும் இடம் திருமுக்கூடல் எனப்படுகின்றது. திருவெஃகா கோயிலின் தலபுராணத்தில் சரசுவதியே வேகவதியாகப் பெருகி வந்ததாகக் கூறப்படுகின்றது. சமணக் கோயில்களைக் கொண்ட திருப்பருத்திக்குன்றம் இவ்வாற்றின் கரையில் அமைந்துள்ளது.

2019-ஆம் ஆண்டு நவம்பர் வரை காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரை இருந்தது. அவ்வாண்டு செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது மாமல்லபுரம், கல்பாக்கம், வாயலூர் உள்ளிட்ட கரையோரம் அம்மாவட்டத்துக்குச் சென்றது. நிர்வாக எல்லை மாறியபோதும் நீரின் வழி மாறவில்லை.

இந்த ஆற்றுப் படுகையில் இரு தொழில்கள் நீரின் நிறத்தோடு தொடர்புடையவை. முதலாவது, மேல்பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் உள்ள தோல் பதனிடும் தொழில். இதன் கழிவில் உப்பு, குரோமியம், கரிமப் பொருட்கள் ஆகியவை உள்ளன. மரப்பட்டைகளைக் கொண்டு பதனிடும் பழைய முறையில் வெளியேறும் துவர்ப்புப் பொருட்கள், இயற்கையில் இலைதழைகளில் இருந்து நீரில் இறங்கும் பழுப்புப் பொருட்களோடு வேதியியல் முறையில் உறவுடையவை. இத்தொழிலின் மாசு குறித்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஆகத்து 28 அன்று வழங்கிய தீர்ப்பு, "மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்" என்னும் கொள்கையையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதிகளாக ஏற்றது. பாலாற்று மாசு தொடர்பாக 2025 சனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கி, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு அளிக்கவும் ஆற்றைச் சீரமைக்கவும் உத்தரவிட்டது.

இரண்டாவது, காஞ்சிபுரத்தின் பட்டுத் தொழில். கச்சாப் பட்டு நூலின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செரிசின் என்னும் பசைப் புரதம் ஆகும். சாயம் ஏற்றுவதற்கு முன் நூலைச் சவர்க்காரமும் சோடாவும் கலந்த கொதிநீரில் இட்டு இப்பசையை நீக்குவர். பசை நீக்கிய நீரும், சாயம் தோய்த்தபின் எஞ்சும் நீரும், நூலை அலசிய நீரும் கழிவாக வெளியேறுகின்றன. கண்ணில் படுவது சாயத்தின் நிறம். ஆயின் புரதமும் சவர்க்காரமும் கலந்த பசைநீர் அழுகும்போது ஆற்று நீரின் உயிர்வளியை எடுத்துக்கொள்கின்றது. சாயக் கழிவும் நகரின் கழிவுநீரும் வேகவதியில் கலப்பது நெடுநாளைய சிக்கலாக இருந்து வருகின்றது.

காஞ்சிபுரத்தின் சாயம் நேரடியாகக் கடலை இருளாக்குகின்றது எனக் கருதுவது சரியன்று. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்ட மணற்படுகையாகவே காணப்படுகின்றது. வாயலூரில் ஆற்றின் குறுக்கே தடுப்பணையும் கட்டப்பட்டுள்ளது. மழையற்ற காலத்தில் வேகவதியில் விடப்படும் கழிவின் பெரும்பகுதி மணலில் ஊறி நிலத்தடி நீரையே முதலில் கெடுக்கின்றது. ஆனால் பெருவெள்ளம் வரும்போது நிலைமை மாறுகின்றது. 2015-ஆம் ஆண்டும் 2021 நவம்பரிலும் ஏற்பட்டதைப் போன்ற வெள்ளங்கள், பல மாதங்களாகப் படுகையில் தேங்கிய சேறு, கழிவு, ஊட்டச்சத்து ஆகியவற்றைச் சில நாட்களில் கடலுக்கு அடித்துச் செல்கின்றன. கடலில் சாயத்தின் நிறம் விரைவில் நீர்த்துவிடும். உடன் செல்லும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிதவைவாழிகளுக்கு உரமாகி, வெள்ளம் வடிந்த பின்னர் நீரின் தெளிவைக் குறைக்கக்கூடும்.

கல்பாக்கம் கரையோரம்

பாலாற்று முகத்துவாரத்துக்கு வடக்கே உள்ள கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையம் கடல்நீரைக் குளிர்விப்புக்குப் பயன்படுத்துகின்றது. அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் ஆய்வாளர்கள் அக்கரையோரத்து நீரின் தன்மையை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். வடகிழக்குப் பருவமழையின்போது இடையூர், சதுரங்கப்பட்டினம் ஆகிய கழிகள் கடலோடு இணைந்து நன்னீரைக் கொட்டுகின்றன. அப்போது உவர்ப்பு குறைந்து, கலங்கலும் ஊட்டச்சத்தும் கூடுகின்றன. ஊட்டச்சத்து மிகுந்திருந்தும் அப்பருவத்தில் தாவர மிதவைவாழிகள் குறைவாகவே காணப்படுகின்றன. உவர்ப்புக் குறைவோடு ஒளிக் குறைவும் இதற்குக் காரணமாகக் காட்டப்படுகின்றது. உணவு இருந்தும் ஒளி இல்லாததால் பயிர் வளராத வயலுக்கு இதனை ஒப்பிடலாம். கலங்கல் தெளிந்து வெயில் ஏறும் மாதங்களிலேயே மிதவைவாழிகள் பெருகுகின்றன. 2007 மார்ச்சில் டிரைக்கோடெசுமியம் என்னும் நீலப்பச்சைப் பாசி இக்கரையில் பெருகிக் கடலின் நிறத்தை மாற்றியது ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டுள்ளது.

மன்னார் வளைகுடாவும் பாக்கு விரிகுடாவும்

தமிழகத்தில் கடல்நீரின் தெளிவை மிகுதியாக நம்பியுள்ள பகுதிகள் தென்கோடியில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகளும், பாக்கு விரிகுடாவில் பரந்த கடற்புல் வெளிகளும் உள்ளன. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. கடற்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியாவைக் (கடற்பசு) காக்க 2022 செப்டம்பரில் தமிழக அரசு பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியாப் பாதுகாப்பகமாக அறிவித்தது. பாக்கு விரிகுடா ஆழமற்றது. ஆகவே இழுவை வலைகள் கிளப்பும் சேறு எளிதில் நீர் முழுவதும் பரவுகின்றது.

2019 செப்டம்பரில் மண்டபம் அருகே நொக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர் பெருமளவில் பெருகிக் கடல் பச்சை நிறமாயிற்று. இவை இறந்து அழுகியபோது நீரில் உயிர்வளி குறைந்து, மீன்களும் சில தீவுகளை ஒட்டிய பவளங்களும் இறந்தன. அதே ஆண்டு ஆகத்தில் சென்னைக் கடற்கரையில் இரவில் அலைகள் நீல ஒளியுடன் மின்னியதைக் காண மக்கள் திரண்டனர். அவ்வொளியும் நொக்டிலூக்கா உமிழ்ந்ததே. கண்ணுக்கு அழகாகத் தோன்றும் இவ்வொளி, மிதவைவாழிகள் மிகுந்து பகலில் கடலுக்குள் ஒளி குறையும் நிலையின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

தடுப்பு வழிகள்

கடலில் கலந்துவிட்ட வண்டலையோ கரைந்த பொருளையோ பிரித்தெடுப்பது நடைமுறையில் இயலாது. ஆகவே தடுப்பு முறைகள் அனைத்தும் நிலத்திலேயே தொடங்க வேண்டியவை. நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்தல், சாயக் கழிவையும் பசைநீரையும் ஆற்றில் விடாது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கொண்டுசெல்லுதல், உரத்தைத் தேவையான அளவில் மட்டும் இடுதல், ஆற்றங்கரைகளில் மரஞ்செடிகளைக் காத்தல், கரைக்கு அருகில் இழுவை வலைகளைக் கட்டுப்படுத்தல் ஆகியவை முதன்மையானவை. காஞ்சிபுரத்தில் சாயத்தொழில் பெரும்பாலும் சிறு பட்டறைகளில் நடைபெறுவதால், தனித்தனியே சுத்திகரிப்பு அமைப்பது பட்டறைக்காரர்களுக்குப் பெருஞ்செலவாகும். பொது அமைப்பு இன்றி நெசவாளரின் பிழைப்பையும் ஆற்றையும் ஒருங்கே காப்பது கடினம்.

காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதி ஏரிகள் நிறைந்த பகுதியாகும். ஓர் ஏரியின் உபரிநீர் அடுத்த ஏரிக்குச் செல்லும் வகையில் அமைந்த இச்சங்கிலி, பாசனத்துக்கு நீர் தேக்குவதோடு வெள்ளத்தில் வரும் வண்டலையும் வழியிலேயே படியச் செய்கின்றது. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரிகளைப் பேணும் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. அவ்வூரின் வயிரமேக தடாகத்தைத் தூர்வார அளிக்கப்பட்ட கொடைகளையும் அங்குள்ள கல்வெட்டுகள் கூறுகின்றன. தூர்ந்துபோன ஏரி வண்டலைத் தடுக்காது. தூர்வாரிய ஏரியே தடுக்கும். எடுத்த வண்டல் வயலுக்கு உரமாகும். கரைந்த கரிமப் பொருளை ஏரிகளால் முழுமையாகத் தடுக்க இயலாவிடினும், கடலுக்குச் செல்லும் துகள்களைக் குறைப்பதில் அவை இன்றும் பயன்படத்தக்கவை.

மாசு குறைந்தால் நீர் மீண்டும் தெளியும் என்பதற்கு எடுத்துக்காட்டுகள் உள்ளன. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் தாம்பா விரிகுடாவில் கழிவுநீரில் உள்ள நைட்ரசன் குறைக்கப்பட்ட பின்னர் நீர் தெளிந்து, அழிந்த கடற்புல் வெளிகள் 2010களின் நடுப்பகுதியில் 1950களின் பரப்பை எட்டின. அதன் பின்னர் அங்கு கடற்புல் மீண்டும் குறைந்தமை, தெளிவைப் பெறுவதோடு தொடர்ந்து காப்பதும் வேண்டும் என்பதைக் காட்டுகின்றது.

இவற்றையும் பார்க்க

பாலாறு
வேகவதி ஆறு
காஞ்சிபுரம் பட்டு
மன்னார் வளைகுடா
கடற்புல்
மிதவைவாழி